மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி

"அப்போ சாக்கெல்லாம் திரும்பப் போட்டுக்கலாமா தங்கச்சி? உங்க வேலைதான் முடிஞ்சிருச்சே?"

தையல்காரக்கா இதைக் கேட்டபோது நான் அவர் வீட்டு ஸ்டூல் மேல் நின்று, கூரையின் அடியில் மூன்று மாதமாக ஒட்டிக்கிடந்த டப்பாவை உரித்துக்கொண்டிருந்தேன். டப்பா என்பது அவர்கள் வைத்த பேர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூரையின் சூட்டைக் குறித்து எங்கள் கல்லூரிக் கணினிக்கு அனுப்பும். அன்றைக்கு நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

"எந்தச் சாக்குக்கா?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க. வீட்டுக்குள்ள சூடு இறங்காம இருக்க மொட்டைமாடில ஈரச் சாக்கு விரிச்சிருந்தோமே. முதல் நாள் நீங்கதானே சுருட்டி ஓரமா வச்சீங்க."

பாட்டு நின்றுவிட்டது. ஆமாம், சுருட்டியது நான்தான். முதல் நாள் மாடியேறிப் பார்த்தால் தளம் முழுக்கப் பழைய சணல் சாக்குகள், தண்ணீர் சொட்டச் சொட்ட. "ஐயோ, இது இருந்தா ரீடிங் கெட்டுப் போயிடும்க்கா" என்று சொல்லி, அவர் கை வைப்பதற்குள் நானே மளமளவென்று சுருட்டினேன். நாலு நிமிட வேலை. கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டது வரை இப்போது ஞாபகம் வருகிறது. என் குறிப்பேட்டில் ஜன்னலின் நீள அகலம் இருக்கிறது, சுவரின் நிறம் இருக்கிறது, மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்பதுகூட இருக்கிறது. சாக்கு மட்டும் இல்லை.

ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன், ரொம்ப எளிது. அந்தக் குடியிருப்பில் எல்லாக் கட்டிடமும் ஒரே அச்சு. அதில் எதிரெதிராக இருக்கும் இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்றின் மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பெயிண்ட். இன்னொன்றுக்கு எதுவும் இல்லை, அதுதான் அக்கா வீடு. இரண்டிலும் மேல்தளத்து வீட்டில் ஒரு டப்பா. கோடை முழுக்க அளந்து, மத்தியானச் சூட்டில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். பார்த்தோம். அக்கா வீட்டுக் கூரை நாற்பத்தேழு, வெள்ளைக் கூரை நாற்பத்தொன்று. ஆறு டிகிரி. எங்கள் துறையில் இது கொண்டாட வேண்டிய எண். கருத்தரங்கில் அந்த எண்களின் வரைபடத்தைத் திரையில் போட்டபோது பின்வரிசைக்காரர்கள்கூட போனை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அதே படத்தை வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டேன். மாமா ஒருத்தர் மட்டும் "இது என்ன மலையா?" என்று கேட்டார். அறிக்கை குடியிருப்பு வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் மூன்றாம் பக்கத்தில் நான் எழுதிய ஒரு வரி இருந்தது: "குடியிருப்போரின் வழக்கமான வாழ்க்கையில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை."

ஸ்டூலை விட்டு இறங்கினேன். பேச்சை மாற்றலாம் என்று, "அண்ணன் எங்கக்கா? இந்த நேரத்துல தூங்கிட்டிருப்பாரே" என்றேன். அவர் புருஷன் பேருந்து ஓட்டுநர், எப்போதும் ராத்திரி வண்டி, பகலில்தான் உறக்கம்.

"இப்போ பகல் ட்யூட்டி. டிப்போவுல பஸ் கழுவுறாரு." அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். "சாக்கை எடுத்தப்புறம் பகல்ல கண்ணை மூட முடியல அவருக்கு. பாயைத் தூக்கிட்டு வீடு முழுக்க அலைவாரு. ஒரு நாள் விடியக்காலைல வண்டியைக் கொண்டுவந்து டிப்போ கேட்டுல இடிச்சுட்டாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, கேட்டுக்குத்தான் அடி. ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டாங்க. அதுவும் நல்லதுக்குத்தான், இப்போ நாள் பூரா தண்ணியிலயே நிக்குறாரு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா."

"பண்ணலாம்னுதான் சொன்னேன். அவருதான், படிக்கிற பொண்ணு, நம்மளால அதோட கணக்கு கெட்டுடக் கூடாதுன்னுட்டாரு."

இதற்கு நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஸ்டூலில் ஏறி டப்பாவைத் திரும்ப ஒட்டினேன். "சாக்கை இன்னைக்கே விரிச்சுடலாம்க்கா. ஒரு சின்ன செக்கிங், இன்னும் பத்து நாள் டப்பா இருக்கட்டும்" என்றேன். எனக்கே என் குரல் கேட்கச் சகிக்கவில்லை. செக்கிங்காம்.

அந்தப் பத்து நாளும் காலை பத்து மணிக்கு நான் அங்கே போய்விட்டேன். வாளியில் தண்ணீர் பிடித்து இருபத்தாறு படி ஏற வேண்டும். ஆளுக்கு மூன்று வாளி. இரண்டாவது வாளியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா பாதி தையலில் எழுந்து வந்து, ஊற்றிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி தையலுக்குப் போவார். இவ்வளவு வேலையைத்தான் நான் நாலு நிமிடத்தில் சுருட்டி ஓரமாக வைத்திருக்கிறேன். பதினோராம் நாள் கணினியில் எண்களைத் திறந்து பார்த்தேன். அதே வெயில், அதே மத்தியானம், நாற்பத்து மூன்று. அதாவது இவர்கள் வழக்கமாக வாழ்கிற வீட்டுக்கும் எங்கள் பெயிண்டுக்கும் வித்தியாசம் இரண்டே டிகிரி. மீதி நாலும் நான் உண்டாக்கியவை.

என் ஆய்வை வழிநடத்தும் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மோசமானவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெயிண்டுக்காக மூன்று வருடம் வாரியத்தின் படிகளில் ஏறி இறங்கியவர். முழுசாகக் கேட்டுவிட்டு, "வெறும் கூரையோட ஒப்பிடுறதுதானே முறை? தெரியாமலே சரியாத்தான் பண்ணியிருக்க" என்றார்.

"ஆனா மூணாம் பக்கத்துல எதையும் மாத்தலன்னு எழுதியிருக்கேன் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கடைசியில குறைகள்னு ஒரு பத்தி இருக்குல்ல, அதுல ஒரு வரி நைசா சேர்த்து மறுபடி அனுப்பு. அது வரைக்கும் யாரும் படிக்க மாட்டாங்க. நானே படிக்கிறதில்ல." சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "இங்க பாரு. வித்தியாசம் நாலு டிகிரிக்குக் கீழ போனா வாரியத்துல கோப்பு நகராது, பெயிண்ட் வராது. நூத்துப் பன்னிரண்டு மேல்தளத்து வீடு அதுக்காகக் காத்திருக்கு. எல்லாரும் உன்னை மாதிரி தினம் வாளி தூக்க முடியாது. யோசிச்சு எழுது."

யோசித்தேன். வெட்கம் என்பது முகம் சிவப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வயிற்றில் ஏதோ உட்கார்ந்துகொண்டு, நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் எனக்கு முன்னாலேயே படித்துவிடுகிறது. "கள நிலைமைகளின் காரணமாக" என்று தொடங்கினேன், அழித்தேன். "ஆய்வாளரின் கவனக்குறைவால்" என்று எழுதினேன். யாரோ ஒரு ஆய்வாளர், எங்கோ ஒரு கவனக்குறைவு. அதையும் அழித்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நின்றபடியே சொன்னேன். "அண்ணா, உங்க வண்டி போனதுக்கு நான்தான் காரணம்."

"ஏன், கேட்டுக்குக் குறுக்க நீங்களா நின்னீங்க?" என்றார். "உக்காருங்க மொதல்ல."

உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். ஆறு, இரண்டு, நாலுக்குக் கீழே வந்தால் என்ன ஆகும், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஆறுன்னு எழுதினது பொய்யா?"

"பொய்யில்ல. சாக்கு இல்லாத வீட்டுக்கு ஆறுதான். ஆனா..."

"அப்போ ஆனாவை விடுங்க. பெயிண்ட் வரட்டும்."

அதைக் கேட்டதும் என் நெஞ்சுக்குள் ஒரு பாரம் சட்டென்று இறங்கியது. உண்மையைச் சொன்னால், அந்த நிம்மதிதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. நான் கெடுத்த மனிதரே என்னை விட்டுவிடுகிறார், நானும் எழுந்து ஓடத் தயாராகிறேன்.

அக்காவின் தையல் மெஷின் நின்றது. "அப்போ நம்ம வீடு ஏன் அப்படிக் கொதிச்சுதுன்னு எங்கயும் எழுத மாட்டீங்களா?"

"நீ சும்மா இரு" என்றார் அண்ணன்.

"ஏன் சும்மா இருக்கணும்? டிப்போவுல இவரு குடிச்சுட்டு ஓட்டினாருன்னு எழுதி வச்சிருக்காங்க தங்கச்சி. தூக்கம் இல்லாமத்தான்னு சொன்னா, மூணு மாசமா மனுஷன் எப்படித் தூங்காம இருப்பான்னு கேக்குறாங்க. உங்க காலேஜ் தாள்ல, நாங்கதான் சாக்கை எடுத்தோம், கூரை இத்தனை டிகிரி இருந்துச்சுன்னு ஒரு வரி இருந்தா, அதை எடுத்துட்டுப் போய்க் காட்டுவேன்."

"காட்டினா வாரியத்துக்கும் தெரிஞ்சுடும். பெயிண்ட் நின்னுடும்" என்றார் அண்ணன், குரலை உயர்த்தாமல். "அப்புறம் நூறு வீட்டுக்காரனும் நம்ம வாசல்ல வந்து நிப்பான். அவங்களுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"குடிகாரன் பொண்டாட்டின்னு இப்போ நான்தானே பதில் சொல்லிட்டிருக்கேன்."

நான் குடித்து வைத்த டம்ளரை நானே கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினேன். திருத்திய அறிக்கையை இன்றைக்குள் அனுப்ப வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்ததால், இன்று மத்தியானம் மறுபடி போய், கடைசியாக ஒரு தடவை தளத்தைப் படம் எடுக்கலாம் என்று மாடிக்கு ஏறினேன். அக்கா சாவி கொடுத்தார், கூட வரவில்லை.

மேலே நின்று சுற்றிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். வரிசையாக எத்தனை மொட்டைமாடிகள், சாக்கு விரித்த இந்த ஒன்றைத் தவிர எல்லாமே துடைத்துவைத்த மாதிரி வெறுமையாக இருந்தன. போன வாரம் வரை துணிக்கொடி கட்டியிருந்தார்கள், ஓலைத்தட்டி சாய்த்திருந்தார்கள், பழைய மெத்தைகளைப் பரப்பியிருந்தார்கள், யாரோ பந்தல்கூடப் போட்டிருந்தார்கள். எதுவும் இல்லை. வாரியத்துக்காரர்கள் வருவார்கள், தளம் சுத்தமாக இருந்தால்தான் பெயிண்ட் என்று பேச்சு பரவியிருக்கிறது. இந்த நிமிடம் அத்தனை வீட்டுக் கூரையும் என் படத்தில் இருக்கிற நாற்பத்தேழில்தான் இருக்கும். மூன்றாவது கட்டிடத்தின் மாடியில் முக்காடு போட்ட ஒரு அம்மா மூலையைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை உயர்த்தி, "டப்பாக்காரம்மா, எப்போ வராங்க?" என்று கத்தினார். நான் கையை ஆட்டினேன். அது என்ன பதில் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னும் இங்கேதான், சாக்கு எட்டாத ஓரத்தில் நிற்கிறேன். செருப்பைத் தாண்டிப் பாதம் சுடுகிறது. போனில் மின்னஞ்சலும் அறிக்கையும் திறந்திருக்கின்றன, மூன்றாம் பக்கத்து வரியை அழித்துவிட்டேன், அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் அங்கே என்ன எழுதுவீர்கள்? ஒரு வரிதான், சொல்லுங்களேன்?