மாப்பிள்ளையோடு ஒரு ஆட்டம்

அச்சுவேலியில் கூட்டுறவுச் சங்கக்கடைப் பண்டகசாலைக்குப் பொறுப்பாக இருக்கும் பகீரதனுக்கு ஐம்பத்தொரு வயது. அந்த வயதில் ஊரில் மற்ற ஆண்கள் கோயில் நிர்வாகத்தில் சண்டை பிடிப்பார்கள், இல்லையென்றால் மதிலை இன்னும் இரண்டு வரி கல் உயர்த்துவார்கள். பகீரதன் கணினியில் விளையாடுவார். இளந்தாரி வயது முழுவதையும் போர்க்காலத்தில், மின்சாரம் இல்லாமல் குப்பி விளக்கில் கழித்த ஆள். அதை இப்போது வட்டியோடு வாங்குவதாக அவரே சொல்வார்.

விளையாடியதோடு விடமாட்டார். முகநூலில் ஒரு குழுவில் தன் அபிப்பிராயத்தை எழுதுவார். எழுத்துப்பிழை இருக்கும். பொய் இருக்காது.

தோட்டம் செய்கிற விளையாட்டு ஒன்றைப் பற்றி இப்படி எழுதினார்: "மூண்டு கிழமை விளையாடினன். வெங்காயம் அழுகேல்லை, மழை பிழைக்கேல்லை, ஒரு பூச்சி வரேல்லை. தோட்டம் செய்யாதவன் கண்ட கனவு இது. வடிவாத்தான் கிடக்கு, எனக்கு ஒத்துவராது." கார் ஓட்டுவதைப் பற்றி: "றோட்டிலை ஒரு மாடு இல்லை, ஒரு ஓட்டோ குறுக்கை வரேல்லை. எனக்கு நித்திரை வந்திட்டுது." பேய் வீட்டுக்கு: "முதல் அரைமணித்தியாலம் திறம். பிறகு பேயும் களைச்சுப்போச்சு." எல்லாரும் புகழ்ந்த போர் விளையாட்டுக்கு மட்டும் இரண்டே வரி: "செத்தவன் பத்து விநாடியிலை எழும்பி வாறான். என்னாலை இதை விளையாட ஏலாது."

கனடா, பிரான்ஸ் என்று எங்கெங்கோ இருக்கிற பெடியன்கள் "அண்ணை சொன்னால் சரி" என்று கீழே எழுதுவார்கள். எல்லாருக்கும் முதல் வாசிப்பது மகள் லவீனா. ரியூசன் கொடுக்கிறாள், விளையாடத் தெரியாது. ஆனால் ஒரு பதிவு விடமாட்டாள்.

இந்தப் பதிவுகளாலேயே வீட்டில் ஒரு புயல் அடித்து ஓய்ந்திருந்தது. அரியாலையிலிருந்து வந்த சம்பந்தம் பொருந்தி, பேச்சும் முடியும் தறுவாயில் மாப்பிள்ளை வீட்டார் முகநூலைப் பார்த்துவிட்டார்கள். "தகப்பன்காரன் சின்னப்பிள்ளை மாதிரி விளையாடித் திரியிறார், அது என்ன குடும்பம்?" என்று சொல்லி விலகிவிட்டார்கள். மனைவி குணலட்சுமி ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைப்பாள், அவ்வளவுதான். இனி மகளின் கலியாணக் காரியத்தில் வாய் திறப்பதில்லை என்று பகீரதன் நல்லூர் முருகனை நினைத்துச் சத்தியம் பண்ணினார்.

பிறகுதான் கனடாவிலிருந்து லக்ஷனின் சம்பந்தம் வந்தது. குணலட்சுமியின் தமக்கை உதயகலா, பண்டத்தரிப்பிலிருந்து அதைக் கொண்டுவந்தாள். நல்ல வேலை, தாயோடு சொந்த வீட்டில் இருக்கிறான், பொருத்தம் எட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக மாப்பிள்ளைக்கும் விளையாட்டுப் பைத்தியம்.

"உங்களைப் போலை விசர் அவனுக்கும்," என்றாள் குணலட்சுமி. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. "கடவுளாப் பாத்து அனுப்பினது. ஞாயிற்றுக்கிழமையிலை அவனோடை விளையாடுங்கோ. ஆளையும் அறிஞ்சமாதிரி இருக்கும்."

பகீரதனுக்கு மிகவும் பிடித்தது உதைபந்தாட்டம். "இது ஒண்டிலைதான் காசு குடுத்தவனும் குடுக்காதவனும் ஒரே பந்துக்குப் பின்னாலை ஓடுறான்" என்று முன்னர் எழுதியிருந்தார். அதையே ஆடினார்கள். இங்கே பொழுதுபடும் நேரம், அங்கே விடிந்து கொஞ்ச நேரம். காதில் மாட்டிய கருவியில் லக்ஷனின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது.

முதல் ஞாயிறு பகீரதன் இரண்டு கோல் முன்னால் நின்றார். திடீரென்று திரை உறைந்துபோனது.

"லைன் போச்சு மாமா," என்று பிறகு செய்தி வந்தது.

அடுத்த ஞாயிறும் பகீரதன் முன்னுக்கு வந்ததும் லைன் போனது. அதற்கடுத்த ஞாயிறு லக்ஷன் முன்னால் நின்றான். அன்றைக்கு லைன் ஒரு துளியும் அசையவில்லை. கனடாவில் லைன் போவதைப் பற்றிப் பகீரதன் கேள்விப்பட்டதேயில்லை. ஆனாலும் பெடியன்தானே, ரோசக்காரன், என்று விட்டுவிட்டார்.

நாலாவது ஞாயிறு கடைசி நிமிடத்தில் பகீரதன் வெல்லும் கோலை அடித்தார். இந்தமுறை லைன் போகவில்லை. மைக்கை நிறுத்த லக்ஷன் மறந்துபோனான்.

"தம்பி, புட்டு ஆறப்போகுது, வந்து..." என்று ஒரு பெண்குரல்.

"நான் விளையாடேக்கை உள்ளுக்கு வராதை எண்டு எத்தினை தரமடி சொல்லுறது? எருமை! உன்னாலைதான் தோத்தனான்!"

பீங்கான் உடையும் சத்தம். பிறகு அந்தப் பெண்குரல், இது வழமையாக நடக்கிற காரியம் என்பதுபோல, "சரி சரி, கால்லை குத்தப்போகுது, நில், நான் கூட்டுறன்" என்றது.

பகீரதன் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். தாய்க்கு "அடி" போட்டுக் கதைத்ததுகூட அவரை அவ்வளவு சுடவில்லை. அந்த மனுசியின் குரலில் ஒரு திடுக்கீடும் இல்லாமற்போனதுதான் சுட்டது.

சத்தியத்தை மறந்து குணலட்சுமியிடம் போய்ச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "விளையாட்டிலை கத்தாத ஆம்பிளை ஆர்?" என்றாள். "நீங்கள் கரண்ட் நிண்டதுக்குச் சுவரிலை குத்தினனீங்கள் எல்லே? அண்டைக்கு நான் உங்களை விட்டிட்டுப் போனனானோ?"

"நான் எங்கடை அம்மாவை..."

"அரியாலையைக் குழப்பினது காணாதோ? இருபத்தெட்டு வயது அவளுக்கு. ஊருக்கெல்லாம் மார்க்குப் போடுறியள், பெத்த பிள்ளைக்கு ஒரு நல்லது செய்ய ஏலாது உங்களாலை. உதையும் போய் முகநூலிலை எழுதுங்கோவன்!"

அவள் சொன்னதில் சுவரில் குத்தியது உண்மை. அரியாலையும் உண்மை.

அடுத்தநாள் பின்னேரம் லவீனா அவரிடம் வந்தாள். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அம்மா பொருத்தம் சொல்லுறா. பெரியம்மா சம்பளம் சொல்லுறா. நீங்கள் மட்டும் ஒண்டும் சொல்லேல்லை."

"நீ கதைச்சனீதானே, பிள்ளை?"

"ரெண்டு மூண்டு தரம். நல்லாத்தான் கதைக்கிறார். ஆனால் எந்த விளையாட்டும் முதல் அரைமணித்தியாலம் நல்லாத்தான் இருக்கும் எண்டு நீங்கள்தானே எழுதுறனீங்கள்?" அவள் சிரித்தாள். "நீங்கள் அவரோடை நாலு கிழமையா விளையாடுறியள். ஆள் எப்பிடி, அப்பா? விளையாட்டுக்கு எழுதுற மாதிரி உள்ளதைச் சொல்லுங்கோ. அதை வைச்சுத்தான் நான் முடிவு சொல்லுவன்."

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

பகீரதன் திரையைப் பார்த்தார். விசைப்பலகையைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"நல்ல பெடியன், பிள்ளை," என்றார். "தாயிலை நல்ல பாசம்."

"மெய்யே?"

"ஓம்."

"அப்ப சரி. எனக்கு ஓம்."

தேங்காய் மறுபடியும் துருவப்பட்டது, முன்னையைவிட வேகமாக. அன்றைக்கே உதயகலாவுக்கு அழைப்புப் போனது. ஒரு கிழமைக்குள் நாளும் பார்த்தாயிற்று.

அந்த ஞாயிறு லக்ஷனின் அழைப்பு வந்தபோது லவீனாவும் பக்கத்தில் வந்து இருந்தாள். "நானும் பாக்கப்போறன். காதிலை கிடக்கிறதைக் கழட்டுங்கோ, ஸ்பீக்கரிலை போடுங்கோ," என்றாள். குணலட்சுமி வாசலில் நின்று கணவனைப் பார்த்தாள்.

ஆட்டம் நடந்தது. லக்ஷன் பகிடிவிட்டான், லவீனா பதில் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு கோல். கடைசி நிமிடத்தில் பந்து பகீரதனின் ஆட்டக்காரனின் காலுக்கு வந்தது. முன்னால் கோல் காவலன்கூட இல்லை. வெறும் வலை.

அடித்தால் போதும். அவர் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. மிச்சத்தை ஸ்பீக்கர் சொல்லும். லவீனா காது கொடுத்துக் கேட்பாள். ஒரு விரலால் ஒரு விசை. வாசலில் நின்றவள் அசையவில்லை. கலியாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று, ஊருக்குச் சொல்லியாயிற்று. இன்னொரு சம்பந்தம் குழம்பினால் இனி இந்தப் படலையை ஆர் திறப்பார்கள்?

பகீரதன் பந்தை வெளியே அடித்தார். அடுத்த ஓட்டத்தில் லக்ஷன் கோல் போட்டான்.

"மாமா, உங்களுக்கு வயசு போட்டுது!" ஸ்பீக்கர் அதிரச் சிரித்தான்.

"என்ரை அப்பாவை நக்கலடிக்காதேங்கோ," என்றாள் லவீனா, தானும் சிரித்துக்கொண்டு.

தூரத்தில் அந்தப் பெண்குரல் கேட்டது. பயந்து பயந்து, கதவுக்கு வெளியே நின்றபடி: "தம்பி... சாப்பாடு..."

"இந்தா வாறன் அம்மா! வந்திட்டன்!" என்றான் லக்ஷன், தேன் சொட்ட.

லவீனா தகப்பனின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள்.

"நீங்கள் சொன்னது சரிதான், அப்பா."