குதிரை வாசம் அடித்த பீர்

தப்பு நடந்தபோது தம்பி ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். மூட்டை இறக்க வந்த வண்டிக்காரர் வாயைப் பிளந்து காத்திருந்தார். கடைசி வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் போய்க் குழாயின் நிறத்தை யார் பார்ப்பார்கள்? கைக்குச் சிக்கியதை எடுத்து மாட்டினான், திருகினான், கடைசி வரியையும் சொன்னான். வண்டிக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்காவின் பெரிய தொட்டிக்குள் பீர் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது, சிவப்புக் குழாய் வழியாக.

அந்தச் சின்ன பீர் ஆலையில் சட்டதிட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இருந்த ஒரே சட்டம் குழாய்களைப் பற்றியது. நீலக் குழாய் அக்காவின் பக்கத்துக்கு. அங்கே அவள் செய்வது கண்ணாடி மாதிரித் தெளிந்த பீர். சிவப்புக் குழாய் தம்பியின் பக்கத்துக்கு. அங்கே மரப் பீப்பாய்களுக்குள் காட்டு ஈஸ்டைக் குடியேற்றி, பெல்ஜியத்துக்காரர்கள் பாணியில் மாதக்கணக்காகப் புளிக்க விட்டு, ஒரு மாதிரியான பீர் செய்வான். காட்டு ஈஸ்ட் விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகிவிடும் ரகம். ரப்பருக்குள் ஒட்டிக்கொண்டால் கொதிநீர் ஊற்றினாலும் கிளம்பாது. அதனால்தான் இரண்டு குழாய், இரண்டு கொக்கி, நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரை எழுப்பச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றதே தம்பிதான் என்று அத்தான் பிற்பாடு அடிக்கடி ஞாபகப்படுத்தினார்.

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். வழுக்கை விழுந்து, மூக்கில் கண்ணாடி ஏறி, மாடிப்படியில் மூச்சு வாங்குகிற வயது. அக்கா கூப்பிடுவதைக் கேட்டு அத்தானும் அப்படியே கூப்பிட்டார். அப்புறம் ஆலைக்கு வருகிற போகிறவர்களும் பிடித்துக்கொண்டார்கள். தன்னைவிட இளையவர்கள் எல்லாம் தம்பி என்று கூப்பிட, அவனும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்த்தான்.

சில வாரம் கழித்து அக்கா தொட்டியின் அடித் திருகைத் திறந்து டம்ளரில் கொஞ்சம் பிடித்தாள். மோந்தாள். குடிக்கவில்லை. தம்பியிடம் நீட்டினாள். மூக்கை உள்ளே விட்டதுமே, குதிரை வாசம் என்பார்களே, அந்தக் காட்டு ஈஸ்டின் வாசம் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் அவன் வாய் அவனைக் கேட்காமலே, “உள்ள குதிரை வந்திருக்கு போல” என்றது.

அக்கா டம்ளரைத் திரும்ப வாங்கி, கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

போனது ஒரு தொட்டி பீர் மட்டும் என்றால் நாலு நாள் திட்டு வாங்கித் தொலைத்திருக்கலாம். ஈஸ்டும் போனது. அக்கா பல வருஷமாக ஒரே ஈஸ்டை வளர்த்து வந்தாள். ஒரு தொட்டியில் வேலை முடிந்ததும் அடியில் படிந்ததை வழித்து அடுத்ததற்கு, அதில் நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கி அதற்கடுத்ததற்கு. தொடங்கியது என்னவோ கடையில் வாங்கிய பொட்டலத்தில்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது இருந்த பிள்ளையா படித்து முடிக்கும்போது இருக்கிறது? தனியாக எடுத்து வைத்த ஜாடி குளிர்பெட்டியில் வீணாகியிருந்தது. புது ஜாடியை இந்தத் தொட்டியிலிருந்துதான் எடுப்பதாக இருந்தாள்.

கொட்டிவிடலாமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம், பீப்பாயில் ஊற்றுங்கள் என்றாள். கெட்ட சகவாசத்தில் விழுந்த பிள்ளையை அந்தச் சகவாசத்திடமே கையைப் பிடித்து ஒப்படைத்த மாதிரி, அவ்வளவையும் தம்பியின் பக்கத்துக்கு அனுப்பிவைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. தம்பி சின்ன வயதிலிருந்தே திட்டு வாங்கி வளர்ந்த உடம்பு. திட்டாததை என்ன செய்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, எங்கோ தூரத்தில் இருந்த பெரிய ஆலை ஒன்று அக்காவைக் கூப்பிட்டது. அங்கே எல்லாத் தொட்டியும் அவள் பொறுப்பு, நிதானமாக யோசித்துச் சொன்னால் போதும் என்றார்கள். அத்தானுக்கு எங்கே போனாலும் சரி, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி இருந்தால் போதும். போகிறாயா என்று தம்பி கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாள். மறுபடி ஒரு நாள் கேட்டான், பார்க்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் பார்க்கலாம் என்பாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அவளை விட்டால் அவனுக்கு ஆள் கிடையாது. பெண்டாட்டி என்று ஒருத்தி வந்து, சிரித்து, அலுத்து, எப்போதோ போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தொட்டி கழுவுகிற சத்தம் கேட்டால்தான் அவனுக்கு இந்தப் பக்கம் வேலையே ஓடும்.

அதனால் அவனாகவே மனசுக்குள் ஒன்றை முடிவு கட்டிக்கொண்டான். பீப்பாயில் இருப்பது நல்லபடியாக வந்துவிட்டால் அக்கா நின்றுவிடுவாள்.

வந்தது. ஒரு வருஷம் போல ஊறி, பீப்பாயைத் திறந்த அன்று தம்பி தனியாக உட்கார்ந்து சுவைக் குறிப்பு எழுதினான். புட்டியின் முதுகில் ஒட்டுவதற்கு. நிறம் பழைய பித்தளை. நுரை குபுகுபுவென்று எழும்பி, வேறெங்கோ அவசர வேலை இருப்பதுபோல் உடனே கலைந்தது. மூக்கில் முதலில் ஈர வைக்கோல், அப்புறம் எலுமிச்சைத் தோல், அப்புறம் மழையில் நனைந்த குதிரைப் போர்வை. இந்த ரகப் பீரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் குதிரைப் போர்வை என்றுதான் எழுதுகிறார்கள், அவனும் எழுதினான். அவன் ஏறிய ஒரே குதிரை ராட்டினத்தில் இருந்தது, அதில் பெயின்ட் வாசம்தான் அடித்தது. நாக்கில் வைத்ததும் பச்சை ஆப்பிளின் புளிப்பு, கன்னத்தின் உட்பக்கம் கூசியது. பின்னாலேயே அளவுக்கு மீறிப் பழுத்த அன்னாசி.

எல்லாம் ஆடி அடங்கிய பிறகு, காய்ந்த தொண்டையின் அடியில் ஒரு கசப்பு நின்றது. அவனுக்குத் தெரிந்த கசப்பு. அக்கா அந்தத் தொட்டிக்கென்று அளந்து போட்ட கசப்பு. அத்தனை கலாட்டாவுக்கு அடியிலும் அது சுத்தமாக, நேராக நின்றது. தம்பி இன்னொரு வாய் குடித்தான். அதை எழுதப் போனான். கை வரவில்லை. ‘முடிவில் ஓர் இனிய ஆச்சரியம்’ என்று எழுதிவிட்டு எழுந்துகொண்டான்.

அறிமுகத்துக்குக் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் வந்தார்கள். மோந்தார்கள், கண்ணை மூடினார்கள், அடடா என்றார்கள். இப்படி ஒன்று எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டதுதான் தாமதம், தம்பி குழாய்க் கதையை எடுத்துவிட்டான். இது ஒன்றும் முதல் தடவை இல்லை. வருஷம் பூராவும் சொல்லிச் சொல்லித் தேய்த்து மெருகேற்றிய கதை. வண்டிக்காரர் குரலில் சிரித்துக் காட்டினான். கடைசியில் அக்கா டம்ளரை நீட்டியபோது அவள் முகம் போன போக்கைச் செய்து காட்டினான், புருவத்தைத் தூக்கி, உதட்டை இறுக்கி. அதற்குத்தான் எப்போதும் பெரிய சிரிப்பு. அன்றைக்கும் அறையே அதிர்ந்தது. ஒரு விடுதிக்காரம்மா கண்ணைத் துடைத்தபடி அக்காவிடம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். குடிக்கலாம் என்றாள் அக்கா. அதுவும் ஜோக்தான் என்று எல்லோரும் இன்னொரு சுற்றுச் சிரித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு அக்கா பாத்திரம் கழுவும் குழாயடியில் நின்று டம்ளர் கழுவினாள். தம்பி பக்கத்தில் நின்று துடைத்தான். வந்த அத்தனை பேரும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

“அக்கா, பீர் நிஜமா எப்படி இருக்கு?”

“நீதான் எழுதியிருக்கியே.”

“நான் எழுதினது விக்கிறதுக்கு. நீ சொல்லு. நல்லா இல்லன்னா இப்பவே போய் பீப்பாய்க்குள்ள குதிச்சிடறேன். நீச்சல் தெரியாது, சீக்கிரம் முடிஞ்சிடும்.”

அக்கா தண்ணீரை நிறுத்தினாள். கையை முன்துணியில் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு சிரிப்பு மூட்டாம ஒரே ஒரு தடவை கேளேன்” என்றாள்.

தம்பி துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தான். சொல்ல வாகாக ரெண்டு மூன்று வந்தன, எல்லாம் வேடிக்கையாகவே வந்தன. ஒவ்வொன்றாக விழுங்கினான்.

“என்னை விட்டுட்டு போறியாக்கா?”

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

“பீர் நல்லா இருக்கு. பொய் சொல்லல, நான் செய்ய நினைச்சதைவிட நல்லா இருக்கு. குழாய் மாறிப்போறது யாருக்கும் நடக்கும், அதுக்காக நான் ஒருநாளும் கோபப்படல. ஆனா அன்னிக்கு என் முகம் எப்படி இருந்துச்சுன்னு நீ பார்த்திருக்க. அச்சு அசலா செஞ்சு காட்டுற. அவ்வளவு நல்லா பார்த்தவன், இந்த ஒரு வருஷத்துல எங்கிட்ட வந்து, தப்பு பண்ணிட்டேன்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லல. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொன்ன, சிரிச்சாங்க. எங்கிட்ட மட்டும் சொல்லல.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆமா தம்பி, போறேன். வர்றேன்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன்.”