ஹானன்ஸ்டைன் கோட்டையில் கொடி ஏறியிருந்ததா?

கோட்டைக் காவலருக்கான வாயில் வீட்டில், மேசையின் தலைப்பக்கத்தில் ஓட்மார் ரெபோல்ஸ் உட்கார்ந்திருந்தார். எங்கள் கோட்டைச் சங்கத்தின் தலைவர். ரொட்டிக்கடையை மகளிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருப்பவர். அவருக்கு வலப்பக்கம், விறகடுப்பை ஒட்டி, பொருளாளர் கெர்லிண்ட. அவளுக்கு எதிரே திராட்சைத் தோட்டக்காரன் ஃபோல்கர், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் கைகளைச் சாய்த்தபடி. கதவோரப் பெஞ்சில், மேசைக்கு வராமல், கோட்டைக் காவலரான என் கணவர் புர்க்ஹார்ட். மேசையின் மறுகோடியில் காகிதமும் பேனாவுமாக, சங்கத்தின் செயலாளரான நான்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் நடுவில் கிடந்தது. அதில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. இயேசுவின் விண்ணேற்றத் திருநாளன்று ஹானன்ஸ்டைன் கோட்டை பார்வையாளர்களுக்குத் திறந்திருந்ததா, இல்லையா?

எங்கள் பக்கத்தில் அதைக் கோபுரத்துக் கொடிதான் சொல்லும். கொடி பறந்தால் மேலே ஆள் இருக்கிறது, காபியும் கேக்கும் ஒயினும் கிடைக்கும், ஏறி வரலாம். கொடி இல்லையென்றால் கோட்டை மூடியிருக்கிறது என்று அர்த்தம். இடிந்த கோட்டை, வாயிலில் கதவே கிடையாது, ஆகவே யாராவது ஏறினால் அது அவரவர் பாடு.

பனிக்காலம் முடிந்ததும், உள்முற்றத்துப் படிக்கட்டுக்கு மேலே சுவரில் ஒரு கல் நெகிழ்ந்திருப்பதை முதலில் பார்த்தது புர்க்ஹார்ட்தான். கொத்தனார் வந்து சரி செய்யும்வரை கொடி ஏற்றக் கூடாது என்று இதே மேசையில் முடிவெடுத்தோம். கொத்தனார் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்தார். திருநாளன்று விடிந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. கீழே பாதையெல்லாம் மலையேறிகள். புர்க்ஹார்ட் ஏணி போட்டு, மரச்சுத்தியால் கல்லைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கெட்டியாகத்தான் சத்தம் வந்தது என்றார். கொடியை ஏற்றினார்.

முதலில் ஏறி வந்தது வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவர் சுவர் நிழலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மனைவி படிக்கட்டில் கால் வைத்தாள். கல் விழுந்தது.

வேறு யாரும் மேலே வந்துவிடக் கூடாதென்று நான் ஓடிப்போய்க் கொடியை இறக்கினேன். அதனால் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது கோபுரம் வெறுமையாக இருந்தது. அந்த அம்மாள், மாரைக்கே வீபுஷ், இன்னும் கண் திறக்கவில்லை.

“கொடி ஏறலைன்னு எழுதும்மா, ரோஸ்விதா. ரெண்டே வரி,” என்றார் ஓட்மார்.

“ஊரே பாத்திருக்கும், ஓட்மார்.”

“ஊரு எதைப் பாத்துச்சு?” என்றான் ஃபோல்கர். “அன்னைக்கு அப்பாக்கள் தினமும்தானே, வழக்கம்போல நாங்க ஆம்பளைங்க எல்லாம் பீர் வண்டியை இழுத்துக்கிட்டுக் காட்டுக்குள்ள போனோம். பீப்பாயைத் தவிர நான் எதையும் பாக்கலை. கோயில்ல நிறுத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.”

“எனக்குக் கண்ணுல புரை,” என்றாள் கெர்லிண்ட. “கோபுரமே ரெண்டாத் தெரியுது.”

“அப்ப ரெண்டு கொடி பாத்திருப்பியே.”

“வாயை மூடு, ஃபோல்கர்.”

ஓட்மார் என் பக்கம் சாய்ந்தார். “திறந்திருந்ததுன்னு எழுதினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். சங்கம் ஏத்தாதேன்னு சொல்லியும் ஏத்தினவன் அவன் ஒருத்தன்தான். கோர்ட்டுக்கு அவன்தான் போகணும். காவலர் வேலை போச்சுன்னா வாயில் வீட்டையும் காலி பண்ணணும். கோட்டையை நிரந்தரமா இழுத்து மூடிருவாங்க. மூடியிருந்துச்சுன்னா ஏறினவங்க பொறுப்பு. அவ்வளவுதான்.”

நான் புர்க்ஹார்ட்டைப் பார்த்தேன்.

“நான் தட்டிப் பாத்தேன்,” என்றார் அவர். விபத்து நடந்ததிலிருந்து அவர் வாயில் வந்ததெல்லாம் இது ஒன்றுதான். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் இது, தூக்கத்திலும் இது.

எனக்கும் அப்படி எழுதத்தான் ஆசை. வாயில் வீட்டில்தான் கல்யாணமாகி வந்தேன். இந்த வயதில் எந்த ஊரில் போய் யாரிடம் வீடு கேட்பது? கோர்ட்டில் எழுந்து நிற்கச் சொன்னால் இவர் முழுசாகத் திரும்பி வருவாரா? பேனாவை எடுத்தேன். ‘குறிப்பிட்ட நாளில் கொடி ஏற்றப்படவில்லை’ என்று எழுதினேன். கையெழுத்து எப்போதும்போல நேராகவே வந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

வந்தவர் ஹென்னிங் வீபுஷ். அந்த அம்மாளின் கணவர். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர், விட்டுப்போன முதுகுப்பையை வாங்கிப்போக நடந்தே ஏறி வந்திருந்தார். கெர்லிண்ட அவசரமாக எழுந்து காபி ஊற்றினாள். நான் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

அவர் நேரே பெஞ்சுக்குப் போய்ப் புர்க்ஹார்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதானே கல்லைத் தூக்கினது? இன்னும் கொஞ்ச நேரம் அது அவ மேல கிடந்திருந்தா அப்பவே போயிருப்பான்னு டாக்டர் சொன்னாங்க.”

புர்க்ஹார்ட் தரையைப் பார்த்தார்.

“வருஷா வருஷம் லீவுக்குக் கோட்டை பாக்கத்தான் கிளம்புவோம்,” என்றார் வீபுஷ், யாரும் கேட்காமலே. “அவளுக்கு எல்லாச் சுவர் மேலயும் ஏறிப் பாக்கணும். எனக்குக் கீழ உக்காந்து கேக் சாப்பிடணும். அன்னைக்குக் காரை விட்டு இறங்கினதும் அவதான் சொன்னா, ‘கொடி பறக்குது, ஆள் இருக்காங்க, வாங்க’ன்னு.”

ஓட்மார் தொண்டையைச் செருமினார். “நீங்க பாத்தீங்களா, சார்?”

“நானா? என் கண்ணாடி காருக்குள்ள இருந்துச்சு. அவ சொன்னா, நான் ஏறினேன்.”

“கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. எதிர் மலையில இன்னொரு கோட்டை இருக்கு. அங்கயும் கொடி உண்டு. கார் நிறுத்தற இடத்துல இருந்து பாத்தா இங்க பறக்கற மாதிரிதான் தெரியும். நிறையப் பேரு ஏமாந்திருக்காங்க.” கடையில் குழந்தைகளுக்கு ரொட்டி எடுத்துக் கொடுக்கும்போது பேசும் அதே இதமான குரல். சொன்னதும் பொய்யில்லை, ஏமாந்தவர்கள் உண்டு.

வீபுஷ் காபிக் கோப்பையை மேசையில் வைத்தார். சரியாக வைக்க வரவில்லை. தட்டில் மோதிச் சிந்தியது.

“அப்படின்னா, இங்க கொடி இல்லையா?”

கெர்லிண்ட துணி எடுத்துச் சிந்தியதைத் துடைத்தாள்.

“மூடிக் கிடந்த இடத்துக்கா அவளைக் கூட்டிட்டு வந்தேன்?” எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “கண்ணாடியை எடுத்து மாட்டியிருந்தா நானே சொல்லியிருப்பேனே, அது அந்த மலைடின்னு. கார் கதவைத் திறக்கச் சோம்பல் எனக்கு. அவ கண்ணு முழிச்சா நான் என்னன்னு சொல்லுவேன்?”

ஃபோல்கர் நாற்காலி முதுகில் நெற்றியைக் கவிழ்த்துக்கொண்டான். ஏன்தான் வந்தாரோ, ஒரு மணி நேரம் கழித்து வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு அந்த மனிதர்மேல் வெறுப்பே வந்தது.

புர்க்ஹார்ட் எழுந்தார்.

“கொடி ஏறியிருந்துச்சு. நான்தான் ஏத்தினேன்.”

“புர்க்ஹார்ட்!”

“சும்மா இரு, ஓட்மார். உங்க சம்சாரம் சரியாத்தான் பாத்தாங்க, சார். கல்லு நெகிழ்ந்திருந்துச்சு. ஏத்தக் கூடாதுன்னு இவங்க எல்லாரும் சொல்லியிருந்தாங்க. நான் ஏத்தினேன்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்.”

வீபுஷ் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். சற்று முன் அவர் கையைப் பிடித்த தன் கையைக் கோட்டில் துடைத்தார். பையை எடுத்து ஒரு தோளில் மாட்டினார். “இதையே எழுதிக் குடுங்க,” என்றார். போய்விட்டார். மன்னித்தேன் என்றோ விடமாட்டேன் என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

“இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலை,” என்றார் ஓட்மார். “அந்த ஆளு மனசு ஒடிஞ்சவன், ஏதோ காதுல விழுந்துச்சுன்னு சொல்லுவான். நாம நாலு பேரு இருக்கோம். காகிதத்துல இருக்கறதுதான் செல்லும். ரோஸ்விதா, உன் புருஷன்டி அவன்.”

“எழுது,” என்றார் புர்க்ஹார்ட் என்னிடம்.

“எங்க போவோம்?”

“தெரியலை.”

“உன்னை உள்ள வச்சிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

“தெரியலை, ரோஸ்விதா. எழுது.”

முதல் காகிதத்தை அடுப்பில் போட்டேன். புதிதாக எழுதினேன். கொடி ஏற்றப்பட்டிருந்தது. ஏற்றியவர் காவலர் புர்க்ஹார்ட் கெஸ்லர். கல் நெகிழ்ந்திருந்தது அவருக்குத் தெரியும். அதற்குமேல் அவருக்காக ஒரு வரி சேர்க்கலாமென்று பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன். ‘அவர் தட்டிப் பார்த்தார்’ என்று எழுதினேன்.

ஓட்மார் கையெழுத்துப் போட மறுத்து, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கெர்லிண்ட கேவிக் கேவி அழுதாள். ஃபோல்கர்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். காகிதத்தை மடித்து உறையில் வைத்தேன். என் நாக்கு வறண்டு கிடந்தது. பசையை நனைக்க முடியவில்லை. புர்க்ஹார்ட் உறையை வாங்கித் தன் நாக்கில் நனைத்து ஒட்டி, முழங்காலில் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

இருவரும் சேர்ந்து மலையிறங்கினோம். கீழே தபால்காரி பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“கையிலயே குடுங்க, ரோஸ்விதா,” என்றாள். “இன்னைக்கே போயிரும்.”

கொடுத்தேன்.