உடையாத பூசணிக்காய்

கடைசி நாள் பூசணிக்காய் உடைத்தால்தான் படப்பிடிப்பு முடிந்ததாக அர்த்தம். எங்கள் இயக்குநர் திவ்யா ஐ.டி.யில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிறுதோறும் படம் எடுப்பவள். யூனிட்டுக்குச் சோறு போடக் காசில்லை, என் அம்மாதான் பொங்கிப் போட்டாள். ஆனால் பூசணிக்காய் மட்டும் காலையிலேயே வந்துவிட்டது. ஆவடி கோவில்பதாகையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அது கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் நிர்மலால்தான். இரண்டு பையன்களின் காதல்தான் படம். அதில் ஒருவன் அவன். நான் மைக் பிடிக்கிறவன். மொட்டை மாடி வெயிலில் இன்னொருத்தனைப் பார்த்து அவன் "போகாத" என்பான். அது என் ஹெட்போனில் கேட்கும். வயிற்றெரிச்சலாக இருக்கும். ஷாட் முடிந்ததும் என் தோளில் சாய்ந்து தண்ணீர் குடிப்பான். எனக்கு உயிரே போய்விடும்.

அவனுக்கு வேலை பெங்களூரில். படத்துக்காகத்தான் வாராவாரம் ஆவடிக்கு வந்தான். பூசணிக்காய் உடைந்துவிட்டால் அவன் எதற்கு வரப்போகிறான்? உடைக்காமல் முடிக்கத் திவ்யாவும் விடமாட்டாள். அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பரண்மேல் ஒளித்துவைக்கலாம் என்று போனேன். காயைக் காணோம்.

"எம்மா, பூசணிக்கா எங்க?"

"கொழம்புல கீது. நிர்மலு தம்பிதான் வெட்டிக் குடுத்துச்சு. மோர்க்கொழம்புன்னா அதுக்கு உசுராம்."

கூடத்தில் திவ்யா கத்திக்கொண்டிருந்தாள். "எவன்டா அதச் சமைக்கச் சொன்னது? இன்னொண்ணு வாங்கக் கையில காசில்ல, இன்னிக்கு முடிக்க முடியாது. அடுத்த ஞாயிறு எல்லாரும் வாங்க, ஒரு ஷாட்டாவது எடுத்துட்டு ஒடைக்கலாம்!"

நிர்மல் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டின் ஓரத்தில் பூசணித் துண்டுகள் அப்படியே ஒதுங்கியிருந்தன. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மோர்க்கொழம்புன்னா உசுராமே?"

"எனக்குப் பூசணிக்காயே ஆகாது, வரதா."

இவனுக்கும் அதே பயம்தானா?

"அடுத்த பூசணிக்கா ஒடச்சப்புறமும் வாடா," என்றேன். "படத்துக்கு வாணாம். எனக்காக வா."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "இதச் சொல்ல உனக்கு ஒரு பூசணிக்கா சாகணுமாடா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.