இரண்டு காம்பராவுக்கு ஒரு கொடி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா, அடுப்பு வெக்கை எல்லார் மேலேயும் படட்டும். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு கொடிக்கு இரண்டு வீடு இருந்த கதை சொல்கிறேன்.

எழுபத்தி நாலு பஞ்சம் கழிந்த மறுவருடம். இருதயம்மாவின் மணிபிளாண்ட் பால்மா டின்னில் முளைத்து, வரிசை வீடான லயத்தின் நடுச்சுவருக்கும் கூரைக்கும் இடையிலிருந்த சந்தில் நுழைந்து, அடுத்த ஒற்றையறைக் காம்பராவுக்குள் இறங்கிவிட்டது. அது வேலாயியின் காம்பரா. தண்ணீர் பிடிக்கும் பீலியில் யார் குடம் முந்தி என்று வந்த சண்டையில், மழைக்காலம் முழுக்க இருவருக்கும் பேச்சில்லை.

கொடி இப்போது வாடிக்கொண்டிருந்தது. டின்னடி துருப்பிடித்து வேர் வெளியே பிதுங்கியது. அந்த லயத்தில் இருதயம்மா ஆசையாய் வளர்த்த ஒரே பச்சை அதுதான்.

"வேரு சுத்திக்கிட்டு மூச்சு முட்டுது புள்ள. வெட்டி வேற டின்ல வை. இல்லாட்டி செத்துரும்" என்று சொல்லிவிட்டு அவள் புருஷன் கபிரியேல் பதுளைக்குப் புறப்பட்டான். தேயிலைச் செடியை அடியோடு கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன் பேச்சு. அவளும் தேயிலையை நினைத்து, கொடியின் மூன்று தண்டையும் அடியோடு வெட்டக் கத்தியை எடுத்துக் கொடியைச் சுண்டி இழுத்தாள்.

"ஏய் இருதயம்! எதுக்குடி இழுக்குற? வெளக்கு விழப்போவுது!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேலாயி கத்தினாள்.

"எங்கொடி. நான் வெட்டுறேன்."

"வேரு ஒனக்கு, எல எனக்கு. வந்து பாத்துட்டு வெட்டு மகராசி!"

கத்தியோடு போனாள். வாசலில் இருந்த வேலாயியின் புருஷன் மாடசாமி, "தண்ணிச் சண்டைக்கு இம்புட்டுப் பெரிய கத்தியா?" என்று ஒதுங்கினான்.

உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பக்கத்து இலைகளில் அடுப்புப் புகை கறுத்துக் கிடந்தது. இங்கே ஒவ்வொரு இலையும் எண்ணெய் பூசினாற்போல் மின்னியது. தண்டை இறுக்காமல் பழஞ்சேலைத் துணியால் கட்டி, சூடு படாமல் விளக்கைச் சுற்றி விலக்கி, சாமி படத்துக்கு மேலே வளைத்து விட்டிருந்தாள் வேலாயி. தன் கொடி இத்தனை அழகென்று இருதயம்மாவுக்குத் தெரியாமல் போயிருந்தது.

"ஒவ்வொரு எலையாவா தொடச்ச?"

"பேச ஆளில்லாட்டி வேற என்னத்தச் செய்ய?"

இருதயம்மா கத்தியைத் தாழ்த்தினாள். இதை வெட்டினால் எப்படி?

"கவ்வாத்து வெட்டுறப்ப தேயிலைக்கு மூச்சுக்குன்னு ஒரு கொப்ப விடுவாங்கள்ல" என்றாள் வேலாயி. "பழுத்த ரெண்டு தண்ட வெட்டு. இங்கிட்டு வந்தத விட்டுரு."

தன் காம்பராவுக்குத் திரும்பி, பழுத்த இரண்டு தண்டையும் வெட்டி, வேலாயி கொடுத்த பாதியாய் வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் சாணியும் மண்ணும் கலந்து, பழைய டின்னைக் கிழித்து, சிக்கிய வேரை விரலால் மெல்லப் பிரித்தாள் இருதயம்மா. தண்டு முறியாமல் இருக்க, அந்தப் பக்கம் வேலாயி முக்காலியில் ஏறித் தாங்கிக்கொண்டாள். சுவருக்கு மேலே அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"விட்ரட்டுமா?"

"புடிச்சிரு வேலாயி. இன்னும் மண்ணு போடல."

கதை கேட்ட உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா. நீங்கள் கூப்பிட்டால் "என்ன?" என்று கேட்க, அடுத்த வீட்டில் ஒரு குரல் இருக்கட்டும்.