சிஸ்டர் ஊர்ச் சோறு

தேன்மொழி எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. கோயமுத்தூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் அவளை நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுத்துப் பிழைக்க வைத்தவர், மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த சிஸ்டர் கார்மென். பிள்ளையை வீட்டுக்கு எடுத்துப் போகிற அன்று அவள் அப்பா தமிழ்ச்செல்வன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"உங்களுக்கு நாங்க என்ன செய்யோணும், சொல்லுங்க சிஸ்டர்."

"எங்க ஊர்ச் சோறு தின்னு எத்தனையோ வருஷம் ஆச்சுங்க" என்று அவர் சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். தமிழ்ச்செல்வன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

சூலூரில் தறி ஓட்டுகிறவன் அவன். அந்த வீட்டில் கைமணம் அவனுக்குத்தான். மனைவி அன்புக்கரசியே ஒத்துக்கொண்ட விஷயம் அது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் சிஸ்டரிடம் துருவித் துருவிக் கேட்டுப் பக்குவத்தைத் தெரிந்துகொண்டான். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட வேண்டும். தோல் கழன்றதும் நன்றாகக் கழுவி, கெட்டியாக அரைத்து, மெல்லிசாகத் தட்டிச் சுட வேண்டும். அதற்குப் பெயர் தோர்த்தியா.

தீவனக் கடையில் மக்காச்சோளம் கேட்டபோது, "எத்தன கோழி வச்சிருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"கோழிக்கில்லீங்க, விருந்தாளிக்கு."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடை போட்டார். சுண்ணாம்பு வெற்றிலைக் கடையில் கிடைத்தது. வால்பாறை எஸ்டேட்டிலிருந்து மச்சான் மாசாணம், தோர்த்தியாவுக்குள் வைக்க அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழத்தை பஸ்ஸில் கொடுத்தனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிஸ்டரைக் கூட்டிவர அன்புக்கரசி பஸ் ஏறினாள். அடுப்பும் பிள்ளையும் தமிழ்ச்செல்வன் பொறுப்பு. தட்டைப்பயறை வேகவைத்து மசித்து எண்ணெயில் பிரட்டினான். தக்காளியையும் பச்சை மிளகாயையும் தணலில் சுட்டு அம்மியில் நசுக்கிக்கொண்டிருந்தபோது தூளிக்குள்ளிருந்து அழுகை கிளம்பியது. பல் முளைக்கிற நேரம். மிளகாய்க் கையைத் திரும்பத் திரும்ப சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கினான். தோளில் போட்டாலும் அழுதாள், தொட்டுக் கொஞ்சினாலும் அழுதாள்.

வேறு வழியில்லாமல் அவளைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு, ஊறிய மக்காச்சோளம் கிடந்த கிரைண்டரைப் போட்டான். அந்தக் கடகடச் சத்தம் கேட்டதும் அழுகை நின்றது. மாவு பதமானதும் நிறுத்தி, ஒரு கை அள்ளித் தனியே வைத்தான். வீல் என்றாள். மறுபடி போட்டான். சிரித்தாள். கெட்டி மாவில் கல் சிக்கிக்கொள்ளுமே என்று கொஞ்சம் தண்ணீர் விட்டான். நிறுத்தினால் வீல். இன்னும் கொஞ்சம் தண்ணீர். கடைசியில் அவள் கண்ணயர்ந்தபோது உள்ளே இருந்தது தோசை மாவு.

தனியே வைத்ததில் நாலு தோர்த்தியாதான் தேறியது. அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது வாசலில் சிஸ்டரின் குரல் கேட்டது.

"ஏனுங்க தமிழ்ச்செல்வன், வாசம் ரோடு வரைக்கும் வருதுங்க!"

"கெட்டுப்போச்சுங்க சிஸ்டர். புள்ள அழுவுதுன்னு மெஷின ஓட்டிக்கிட்டே இருந்துபோட்டேன். மாவு தண்ணியாப் போச்சு."

சிஸ்டர் கார்மென் ஒரு விரலால் மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நாட்டுச்சக்கரை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்பக் கெடல. எங்கம்மா இத வேணும்னே தண்ணியாக் கரைச்சுக் காச்சுவாங்க. அதோலேன்னு பேரு. எங்க ஊர்ப் புள்ளைங்களுக்கு ஊட்டற கஞ்சிங்க."

பாலும் நாட்டுச்சக்கரையும் சேர்த்து, கட்டி தட்டாமல் கிண்டி, அவரே இறக்கினார். விழித்துக்கொண்ட தேன்மொழி முதல் கரண்டிக்கு முகத்தைச் சுளித்தாள். இரண்டாவதுக்கு வாயைத் திறந்தாள். பிறகு கிண்ணத்தையே இழுத்தாள்.

அதன்பிறகுதான் சிஸ்டர் சாப்பிட உட்கார்ந்தார். சூடான தோர்த்தியாவை மூக்கருகே வைத்து வாசம் பிடித்தார். பயறும் காரமும் வெண்ணெய்ப்பழமும் வைத்துச் சுருட்டிக் கடித்தார்.

"எங்கம்மா தவறினப்ப என்னால ஊருக்குப் போக முடியல" என்றார். "இன்னைக்குத்தானுங்க அவங்க கையில சாப்பிட்ட மாதிரி இருக்குது. ரொம்ப நன்றிங்க."

"நாங்கதானுங்க சொல்லோணும்..." என்று இழுத்தான் தமிழ்ச்செல்வன். இன்னொரு தோர்த்தியாவை எடுத்து அவர் தட்டில் வைத்தான்.

மிச்சக் கஞ்சியை மற்ற சிஸ்டர்களுக்கென்று தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுத்து, எல்லோருமாகப் போய் பஸ் ஏற்றிவிட்டார்கள். பஸ் மறைகிறவரை நின்றிருந்த தமிழ்ச்செல்வன், "அடுத்த தடவ மாவக் கெட்டியா அரைச்சுப்போடோணும்" என்றான்.

"அப்பப் புள்ளய நான் வச்சுக்கறனுங்க" என்றாள் அன்புக்கரசி.