வழவழ அடுக்கு

அலமாரியின் மூன்று தட்டுகளையும் கட்டிலில் கவிழ்த்துவிட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றான் பெயிண்டர். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் மனைவி போய்விட்டாள். உடுத்திவிட ஒரு புடவை கொண்டுவரச் சொன்னார் நர்ஸ். கூட இருந்த அவன் அக்கா, "அவளுக்கு ரொம்பப் பிடிச்சதாப் பாத்து எடுத்துட்டு வாடா" என்று அனுப்பியிருந்தாள். எட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அது எதுவென்று தெரியவில்லை. வெட்கக்கேடு! அடுத்தவன் வீட்டுச் சுவருக்கு எந்த நிறம் எடுக்கும் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுகிற ஆள் அவன்.

அந்த அலமாரியும் ஒரு கூத்துதான். அவன் சட்டைக்கு அடியில் தலையணை உறை, அதற்கடியில் புடவை, அதற்குள் குழந்தையின் கவுன். சாயங்காலம் துணி மடிக்கும்போது தாயும் மகளும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார்கள். வழவழ மேல் தட்டுக்கு, சொரசொர கீழ்த் தட்டுக்கு, இரண்டிலும் சேராதது நடுவில். தினம் அரை மணி நேரம் கும்மாளம்.

"இந்த வீட்டுல ஒரு பனியனைத் தேட ஊரையே கூட்டணும்" என்று அவன் கத்துவான்.

"பிள்ளைக்கு விரல்லயும் கண்ணு வரட்டும். நீங்க சும்மா இருங்க" என்பாள் அவள்.

"ஐயய்யே! எல்லாத்தையும் கலைச்சிட்டியா?"

குரல் கேட்டுத் திரும்பினான். வாசலில் ஐந்து வயது மகள். பக்கத்து வீட்டில் விட்டிருந்த அவனுடைய சுண்டெலி தானே வந்துவிட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல், ஊசி போடுகிறார்கள் என்பதுவரைதான் அவளுக்குத் தெரியும். "நீதான் அவகிட்ட சொல்லணும், என்னால ஆகாது" என்று அக்கா கையை விரித்துவிட்டாள். அவனாலும் ஆகவில்லை. இரண்டு தடவை பக்கத்து வீட்டுக் கதவுவரை போய்த் திரும்பியிருந்தான்.

"சுண்டெலி, அம்மாவுக்கு எந்தப் புடவை ரொம்பப் பிடிக்கும்?"

"இதுகூடத் தெரியாதா உனக்கு?"

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். வெளுத்துப்போன சாம்பல் நிறப் புடவை ஒன்று வந்தது. பிரஷ் துடைக்க ஆகுமே என்று கேட்டு அவன் திட்டு வாங்கிய புடவை.

"இதுவா? கிழிசல் கண்ணு."

"நான் குட்டிப் பாப்பாவா இருந்தப்ப இதுலதான் சுத்தி வெச்சிருந்தாளாம். வழவழலயே இதுதான் ஃபர்ஸ்ட்டு." புடவையை அவனிடம் நீட்டியவள் கையை இழுத்துக்கொண்டாள். "அம்மா இதைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வரப்போறாளா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. ஆஸ்பத்திரி வண்டி வந்து நிற்கும்போது தெரியவேண்டியது தானாகத் தெரிந்துவிடும். அப்படி நினைத்ததற்கே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. தரையில் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தான்.

"கூட்டிட்டு வருவாங்க. ஆனா அம்மா பேச மாட்டா. எந்திரிக்க மாட்டா. அம்மா செத்துப்போயிட்டா கண்ணு."

"நாளைக்கு எந்திரிப்பாளா?"

"நாளைக்கும் இல்ல. எப்பவுமே இல்ல."

அவள் அழவில்லை. புடவை நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"சாயங்காலம் என்கூட யாரு மடிப்பா?"

"நான்."

"போப்பா. நீ கண்ணைத் திறந்து பாப்ப."

"பாக்க மாட்டேன்."

நம்பவில்லை அவள். கட்டிலில் ஏறி, ஒரு கையால் அவன் கண்களைப் பொத்தினாள். மறுகையால் ஏதோ ஒரு துணியை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"வழவழயா, சொரசொரயா? சொல்லு."

அவன் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். பெயிண்ட் கரைக்கிற தின்னரும் சுவர் தேய்க்கிற உப்புத்தாளும் தின்ற விரல்கள். எதைத் தொட்டாலும் அவனுடைய தோல்தான் சொரசொரவென்று தட்டியது.

"தெரியலையேம்மா."

"கைக்குத் தெரியலன்னா கன்னத்துல வெச்சுப் பாக்கலாம். அம்மா விடுவா."

வைத்தான். கண்ணைப் பொத்தியிருந்த சின்னக் கை நனைந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"அவசரமில்லப்பா. மெதுவாச் சொல்லு" என்றாள்.